‘அது உங்க சொந்தக் கருத்துங்க’

எங்கள் பக்கத்துக் கூட்டங்களில் ஒரு பெண் பேசி முடித்ததும் மேசைக்கு அந்தப் பக்கத்திலிருந்து தவறாமல் வரும் வாக்கியம் ஒன்று உண்டு: “அது உங்க சொந்தக் கருத்துங்க.” சொல்பவரின் குரலில் கோபம் இருக்காது. பெரும்பாலும் சிரித்த முகத்தோடுதான் சொல்வார்கள். மரியாதைக்கு ஒரு ‘ங்க’வும் சேர்ந்திருக்கும். ஆனால் அத்தோடு பேச்சு முடிந்துவிடும். மறுத்துப் பேசியிருந்தால் பதில் சொல்லலாம். பொய் என்றிருந்தால் சாட்சி காட்டலாம். சொந்தக் கருத்து என்று சொல்லிவிட்டால் அதற்குமேல் செய்ய எதுவும் இருப்பதில்லை. உங்கள் கருத்தை நீங்களே வீட்டுக்கு எடுத்துப் போகலாம்.

இதே ஊரில் டீக்கடை பெஞ்சில் நான்கு ஆண்கள் பேசினால் அதற்கு வேறு பெயர். “ஊர்ல இப்படிப் பேசிக்கிறாங்க” என்று அது கூட்டத்துக்கு வந்து சேர்கிறது. அந்த நால்வரில் இரண்டு பேர் எங்கள் தெருக்காரர்கள். அவர்களுக்கும் பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்கள் சொல்வதும் அவரவர் வீட்டிலிருந்தும் அனுபவத்திலிருந்தும் விருப்பு வெறுப்பிலிருந்தும் வருவதுதான். அது ஊர்க் கருத்தாகிறது, எங்களுடையது சொந்தக் கருத்தாகவே நின்றுவிடுகிறது.

எனக்கு இரண்டு பிள்ளைகள். பள்ளிக்கூடம், தெருவிளக்கு, மதுக்கடை, பஸ் என்று எல்லாவற்றைப் பற்றியும் எனக்குக் கருத்து இருக்கிறது. பிள்ளை வளர்க்கிற எந்தப் பெண்ணுக்கும் இருக்கும். இந்தக் கட்டுரையில் இரண்டு கேள்விகளைக் கேட்க விரும்புகிறேன். ஒரு தாயின் கருத்து வீட்டைத் தாண்டிப் பொதுவுக்குப் போகிற வழியில் எங்கெங்கே நிறுத்தப்படுகிறது? தாய் சொல்கிறாள் என்பதாலேயே ஒரு கருத்து நியாயமாகிவிடுமா? முதல் கேள்வியை நாம் அடிக்கடி கேட்கிறோம். இரண்டாவதை நமக்குள்கூட அதிகம் கேட்பதில்லை.

தாழ்ப்பாளும் தீர்மானப் புத்தகமும்

எங்கள் ஊர் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியில் பெண் பிள்ளைகளுக்கான கழிப்பறையில் நான்கு அறைகள். ஒன்றில் மட்டும்தான் தாழ்ப்பாள் இருந்தது. மற்ற அறைகளுக்கு ஒருத்தி உள்ளே போனால் இன்னொருத்தி வெளியே நின்று கதவைப் பிடித்துக்கொள்ள வேண்டும். ஏழாவது, எட்டாவது படிக்கிற பிள்ளைகள் இதற்குத் தாங்களே ஒரு வழி கண்டுபிடித்திருந்தார்கள்: காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமல் இருப்பது. புதுயுகம் திட்டத்தில் அரசு இலவசமாக நாப்கின் கொடுக்கிறது. அதை மாற்றுவதற்குத் தாழ் போட்ட ஒரு கதவு வேண்டும் என்பது மட்டும் எந்தத் திட்டத்திலும் அடங்காமல் போய்விட்டது.

பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் இதைச் சொன்னேன். அன்றைக்குப் பேசுவதற்கு என்று வைத்திருந்தவை ஆண்டுவிழா மேடை, சுற்றுச்சுவர் வண்ணம், நன்கொடையாளர் பெயர்க் கல்வெட்டு. ஊரில் செல்வாக்குள்ள ஒரு தகப்பனார் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “என் பொண்ணும் இங்கதாங்க படிக்குது. அது ஒண்ணும் சொல்லலையே. அது உங்க சொந்தக் கருத்துங்க” என்றார். கல்வெட்டுக்குப் போய்விட்டார்கள்.

அந்தப் பதிலை நான் பலமுறை யோசித்துப் பார்த்திருக்கிறேன். பதின்மூன்று வயது மகள் தன் தகப்பனிடம் கழிப்பறைக் கதவைப் பற்றிச் சொல்லமாட்டாள். சொல்லும்படி நாம் வீடுகளை வைத்திருக்கவில்லை. அவர் காதுக்கு எதுவும் வரவில்லை என்பது அந்த வீட்டின் மௌனத்தைக் காட்டுகிறது. ஆனால் கூட்டத்தில் அந்த மௌனம் சாட்சியாக எடுத்துக்கொள்ளப்பட்டது. நான் கண்ணால் பார்த்துவிட்டு வந்து சொன்னது கருத்தாகிவிட்டது. பெண்களின் அறிவு எந்த இடத்தில் எடை குறைகிறது என்று மாணவிகள் என்னைக் கேட்டால் இந்த இடத்தைத்தான் காட்டுவேன். பார்த்தவள் சொல்வது அபிப்பிராயம், பார்க்காதவர் சொல்வது நிலவரம்.

2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் இப்படி நடக்கக் கூடாது என்று நினைத்து எழுதப்பட்டதுதான். அதன் 21-ஆம் பிரிவுப்படி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோரோ பாதுகாவலரோ இருக்க வேண்டும். உறுப்பினர்களில் பாதிப்பேர் பெண்கள். பள்ளி எப்படி நடக்கிறது என்று கண்காணிப்பதும், வரும் பணம் எப்படிச் செலவாகிறது என்று பார்ப்பதும், பள்ளி வளர்ச்சித் திட்டத்தைத் தயாரிப்பதும் அந்தக் குழுவின் வேலை. தமிழ்நாட்டில் 2022-இல் அரசுப் பள்ளிகளில் இந்தக் குழுக்களைப் புதிதாக அமைத்தபோது எங்களைப் போன்ற ஏராளமான பெண்கள் உள்ளே வந்தோம். ஆக, நாற்காலி கிடைத்துவிட்டது. கிடைக்காதது தீர்மானப் புத்தகத்தில் இரண்டு வரி. அன்றைய கூட்டத்தைப் பற்றி அதில் எழுதியிருந்தது இவ்வளவுதான்: பள்ளி வளர்ச்சி குறித்து விவாதிக்கப்பட்டது, பெற்றோர் தங்கள் கருத்துகளைத் தெரிவித்தனர். அதற்குக் கீழே எங்கள் கையெழுத்துகள்.

அடுத்த மாதம் ஐந்து தாய்மார்கள் சேர்ந்து ஒரு மனு எழுதினோம். அதில் ‘கஷ்டம்’, ‘சிரமம்’ போன்ற சொற்களையே போடவில்லை. எத்தனை பெண் பிள்ளைகள், எத்தனை அறைகள், எத்தனை தாழ்ப்பாள்கள், தண்ணீர் எத்தனை மணிக்கு நிற்கிறது என்று மட்டும் எழுதினோம். பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்கினோம். இரண்டு மாதத்தில் தாழ்ப்பாள் வந்தது. கருத்தாக இருந்தபோது ஒதுக்க முடிந்ததைக் கணக்காகக் கொடுத்தபோது ஒதுக்க முடியவில்லை. இதில் எனக்கு மகிழ்ச்சி மட்டும் இல்லை. ஒரு தகப்பனார் வாயால் சொன்னால் போதுமாக இருக்கிற விஷயத்துக்கு ஐந்து பெண்கள் நோட்டும் பேனாவுமாகப் போய் எண்ணிக்கொண்டு வர வேண்டியிருக்கிறது.

அரசுப் பள்ளிப் பெற்றோருக்காவது சட்டம் ஒரு குழுவைக் கொடுத்திருக்கிறது. அரசு உதவி பெறாத தனியார் பள்ளிகளுக்கு இந்த 21-ஆம் பிரிவு பொருந்தாது. அங்கே பிள்ளைகளைச் சேர்த்திருக்கும் தோழிகளுக்கு இருப்பது வாட்ஸ்அப் குழு மட்டும்தான். அதிலும் கேள்வி கேட்பவரிடம், பிடிக்கவில்லையென்றால் டி.சி. வாங்கிக்கொள்ளுங்கள் என்று மறைமுகமாகச் சொல்லிவிடுகிறார்கள்.

கேட்பதற்கு மட்டும் ஒரு குலம்

தமிழ் அரசியல் மேடை எங்களுக்குப் பெரிய பெயர் ஒன்றைக் கொடுத்திருக்கிறது: தாய்க்குலம். எந்தக் கட்சியின் கூட்டமானாலும் பெரியோர்களோடு தாய்மார்களையும் அழைக்காமல் பேச்சு தொடங்காது. சினிமா விளம்பரங்களில் ‘தாய்க்குலத்தின் பேராதரவு பெற்ற’ என்ற வரியைப் பார்த்துத்தான் என் தலைமுறை வளர்ந்தது. இந்தச் சொல் வருகிற இடங்களைக் கவனித்துப் பாருங்கள். தாய்க்குலம் வாக்களிக்கும், கண்ணீர் விடும், படம் பார்க்கும், ஆதரவு தரும். தாய்க்குலம் பேசியதாக எங்கும் வராது. தாய்க்குலம் மறுத்ததாகவும் வராது. அது மேடைக்குக் கீழே இருப்பவர்களுக்கான பெயர்.

இப்போது அரசின் மொழியில் ‘குடும்பத் தலைவி’ என்ற சொல்லும் வந்திருக்கிறது. 2023 செப்டம்பரில் தொடங்கிய கலைஞர் மகளிர் உரிமைத் தொகை மாதம் 1,000 ரூபாயை 1 கோடியே 6 லட்சத்துக்கும் அதிகமான பெண்களின் வங்கிக் கணக்கில் போட்டது. உதவி என்றோ நிவாரணம் என்றோ சொல்லாமல் உரிமை என்று பெயரிட்டதை நான் மதிக்கிறேன். வீட்டு வேலைக்கு மதிப்பு உண்டு என்று ஓர் அரசு ஒப்புக்கொள்வது சின்ன விஷயமில்லை. ஆனால் வங்கியில் தலைவியாக இருப்பவள் பள்ளிக்கூடத்தில் இன்னும் தலைவியாகவில்லை. “அப்பாவைக் கூட்டிட்டு வா” என்பதுதான் பள்ளிக்கூடங்களில் இன்றைக்கும் கடுமையான எச்சரிக்கை. அம்மா ஏற்கனவே மூன்று முறை வந்து போயிருப்பாள்.

இதற்குச் சட்டத்திலேயே வேர் இருக்கிறது. 1956-ஆம் ஆண்டின் இந்துச் சிறார் மற்றும் பாதுகாவலர் சட்டம், பிள்ளையின் இயல்பான பாதுகாவலர் தகப்பன், ‘அவருக்குப் பிறகு’ தாய் என்கிறது. எழுத்தாளர் கீதா ஹரிஹரன் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1999-இல் அந்தப் ‘பிறகு’ என்ற சொல்லுக்குத் தகப்பன் இறந்த பிறகு என்று மட்டும் பொருள் கொள்ள வேண்டியதில்லை, அவர் பொறுப்பில் இல்லாத நிலையிலும் என்று கொள்ளலாம் என்றது. பொருள் விரிந்தது, வரிசை மாறவில்லை. தகப்பன் இல்லாத இடத்தில்தான் தாய்.

தாய்மார்கள் பொதுவில் பேசிய வரலாறு நமக்கு இல்லாமலில்லை. 1938-இல் ராஜாஜியின் அரசு பள்ளிகளில் இந்தியைக் கட்டாயமாக்கியபோது, அந்த நவம்பரில் சென்னையில் தமிழ்நாட்டுப் பெண்கள் மாநாடு நடந்தது. அதைத் தொடர்ந்து தர்மாம்பாளும் மூவலூர் இராமாமிர்தமும் இன்னும் பல பெண்களும் மறியல் செய்து சிறைக்குப் போனார்கள். கையில் குழந்தைகளோடு போனவர்களும் உண்டு. பள்ளிக்கூடத்தில் பிள்ளைக்கு எதைக் கட்டாயமாகக் கற்பிப்பது என்பதைப் பற்றி ஒரு கருத்தை வைத்திருந்து அதற்காகப் பிள்ளையோடு சிறைக்குப் போன பெண்கள் அவர்கள். அந்த மாநாட்டை நாம் இன்று எதற்காக நினைவில் வைத்திருக்கிறோம்? ஈ.வெ.ரா.வுக்குப் ‘பெரியார்’ என்ற பட்டம் கிடைத்த இடம் என்பதற்காக. பட்டம் கொடுத்த பெண்கள் வேறு என்னென்ன தீர்மானம் போட்டார்கள் என்று என் மகளின் பாடநூலைத் திறந்தபோது தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை.

கூட்டத்துக்கு வர முடிகிறவர்கள்

கருத்து பொதுவுக்குப் போவதற்கு முதலில் ஆள் போக வேண்டும். எங்கள் ஊர்ப் பெண்களில் பாதிப்பேருக்கு மேல் பனியன் கம்பெனிக்குப் போகிறவர்கள். காலையில் கம்பெனி வேன் வந்துவிடும். செக்கிங், பேக்கிங், கைமடி வேலை. ஒன்றரை ஷிப்ட் பார்த்தால்தான் வாரச் சம்பளம் கையில் நிற்கும். பள்ளிக் கூட்டம் வேலை நாளில் பகலில் நடக்கிறது. ஒரு கூட்டத்துக்கு வருவதென்றால் அன்றைய சம்பளம் போகும், சூப்பர்வைசரிடம் பேச்சு வாங்க வேண்டும். வராதவர்களைப் பற்றிக் கூட்டத்தில் சொல்வது: “பெத்தவங்களுக்கே அக்கறை இல்லைங்க.” இங்கே ‘பெத்தவங்க’ என்றால் அம்மாக்கள் என்று எல்லோருக்கும் தெரியும். வராத அப்பாக்களை யாரும் கணக்கெடுப்பதில்லை.

கிராம சபை இப்போது ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது. குடியரசு நாள், மே நாள், சுதந்திர நாள், காந்தி பிறந்த நாள் ஆகிய நான்கோடு 2022-இல் உலகத் தண்ணீர் நாளும் நவம்பர் 1 உள்ளாட்சி நாளும் சேர்ந்தன. ஆறில் நான்கு விடுமுறை நாட்கள். விடுமுறை என்பது யாருக்கு விடுமுறை? தேசிய அளவில் 2024-இல் எடுத்த நேரப் பயன்பாட்டு ஆய்வின்படி, கூலியில்லாத வீட்டு வேலை செய்யும் பெண்கள் அதற்கு ஒரு நாளில் சராசரியாக 289 நிமிடம் செலவிடுகிறார்கள். அந்த வேலையைச் செய்யும் ஆண்கள் செலவிடுவது 88 நிமிடம். பிள்ளைகள் வீட்டில் இருக்கிற நாளில், சோறு ஆக்குகிற பதினொரு மணிக்குச் சபை கூடினால் அங்கே யாருடைய கருத்து ஊர்க் கருத்தாகும் என்று சொல்லத் தேவையில்லை.

பெண்கள் சபையில் இல்லவே இல்லை என்று சொல்லவில்லை. உள்ளாட்சியில் பெண்களுக்கான ஒதுக்கீட்டைத் தமிழ்நாடு 2016-இல் 50 விழுக்காடாக உயர்த்தியது. ஏராளமான ஊர்களில் பெண்கள் தலைவர்களாகியிருக்கிறார்கள். அவர்களில் எதிர்த்து நின்று வேலை செய்தவர்களையும் பார்த்திருக்கிறேன். ஆனால் ‘தலைவர் வீட்டுக்காரர்’ என்று ஒரு பதவி எந்தச் சட்டத்திலும் இல்லாமலேயே ஊர் ஊராக முளைத்திருக்கிறது. தலைவி நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். பதில் அந்த நாற்காலிக்குப் பின்னாலிருந்து வரும்.

எங்களுக்கென்று விட்டுவைத்த ஒரே கருத்து

தாய்மார்களுக்கு இந்தக் கருத்து இருக்கலாம் என்று எல்லோரும் ஒப்புக்கொள்கிற பொருள் ஒன்று உண்டு. அது மதுக்கடை. ‘தாலி’, ‘கண்ணீர்’, ‘குடும்பம்’ என்ற சொற்களோடு பெண்கள் மதுக்கடையை எதிர்த்தால் பத்திரிகைகள் படம் எடுக்கும். அந்தக் கருத்துக்காவது மரியாதை உண்டா?

2003-இல் மதுச் சில்லறை விற்பனையை டாஸ்மாக் எடுத்துக்கொண்டபோது எழுதிய விதிகளின்படி, மாநகராட்சி, நகராட்சிகளில் கோயிலுக்கும் கல்வி நிலையத்துக்கும் 50 மீட்டருக்குள், மற்ற ஊர்களில் 100 மீட்டருக்குள் கடை வைக்கக் கூடாது. அதாவது எங்கள் ஊரில் பள்ளியிலிருந்து நூற்றுப்பத்தாவது மீட்டரில் கடை இருந்தால் விதிப்படி சரி. பள்ளிக்கூடம் முடிந்து பிள்ளை நடக்கிற தூரம் நூறு மீட்டரோடு முடிவதில்லை என்பது விதி எழுதியவர்களுக்குத் தெரியாமல் இருக்காது. தினமும் அந்த வழியில் பிள்ளையைக் கூட்டிவருகிறவள் யார் என்றுதான் அவர்கள் யோசிக்கவில்லை.

2016 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் நெடுஞ்சாலைகளிலிருந்து 500 மீட்டருக்குள் மதுக்கடை கூடாது என்றது. 2017 ஏப்ரலில் அது நடைமுறைக்கு வந்ததும் நெடுஞ்சாலைக் கடைகளை ஊர்களுக்குள்ளும் குடியிருப்புகளுக்கு நடுவிலும் கொண்டுவர முயன்றார்கள். பெண்கள் தெருவுக்கு வந்தார்கள். திருப்பூர் மாவட்டம் சாமளாபுரத்தில் அப்படிப் போராடிய ஒரு பெண்ணைக் காவல்துறை உயர் அதிகாரி ஒருவர் கன்னத்தில் அறைந்ததை நாடு முழுதும் காணொளியில் பார்த்தது. தாய்க்குலம் என்ற சொல்லுக்கும் அந்த அறைக்கும் நடுவில் முரண்பாடு இருப்பதாகப் பலர் எழுதினார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஆதரவு தருவதற்கென்று பெயர் சூட்டப்பட்ட கூட்டம் மறுத்துப் பேசியதற்குக் கிடைத்த பதில் அது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். மதுவை எதிர்ப்பது மட்டுமே ‘பெண்கள் பிரச்சினை’ என்று ஆக்கும்போது, குடிக்காமலே அடிக்கிற கணவனைப் பற்றிப் பேச இடமில்லாமல் போகிறது. பீஸ் ரேட் பற்றியும், கம்பெனியில் கழிப்பறைக்குப் போக விடாததைப் பற்றியும், நிலப் பட்டாவில் பெண்ணின் பெயர் இல்லாததைப் பற்றியும் பேசினால், “இதெல்லாம் எதுக்குங்க உங்களுக்கு?” என்கிறார்கள். கண்ணீரோடு பேசலாம், கணக்கோடு பேசக் கூடாது.

தாய் சொன்னால் நியாயமா?

இதுவரை சொன்னதைப் படித்து, தாய்மார்கள் எல்லோரும் நியாயத்தின் பக்கம் நிற்பதாக யாரும் முடிவு செய்துவிடக் கூடாது. எங்கள் கொங்குப் பகுதியிலேயே நடந்ததைச் சொல்கிறேன். 2018 ஜூலையில் திருப்பூர் மாவட்டம் அவிநாசி வட்டாரத்தில் ஓர் அரசுப் பள்ளியில் தலித் பெண் ஒருவர் சத்துணவு சமைக்கக் கூடாது என்று ஆதிக்கச் சாதிப் பெற்றோர் பள்ளியை முற்றுகையிட்டார்கள். அதிகாரிகள் முதலில் செய்தது அவரை இடமாற்றம் செய்தது. எதிர்ப்பு வந்த பிறகுதான் அந்த உத்தரவு திரும்பப் பெறப்பட்டது, வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் வழக்கும் பதிவானது. 2023-இல் காலை உணவுத் திட்டம் மாநிலம் முழுதும் விரிந்தபோது கரூர் மாவட்டத்தில் ஒரு பள்ளியில் இதே மறுப்பு. ஆட்சியர் நேரில் போய் எச்சரிக்க வேண்டியிருந்தது.

இந்த இரண்டு இடங்களிலும் நின்றவர்கள் ‘பெற்றோர்’ என்ற பெயரில்தான் நின்றார்கள். அவர்களில் தாய்மார்களும் இருந்தார்கள். “எம்புள்ள யாரு கையில சாப்பிடணும்னு நான் சொல்லக் கூடாதா?” என்று கேட்பவர்களை என் தெருவிலேயே எனக்குத் தெரியும். இது சொந்தக் கருத்து இல்லை. சாதியின் கருத்து, தாயின் வாய் வழியாக வருகிறது. 2004-இலேயே உச்ச நீதிமன்றம் மதிய உணவுச் சமையலர் நியமனத்தில் தலித், பழங்குடியினருக்கு முன்னுரிமை தர வேண்டும் என்று உத்தரவிட்டது. ஏனென்றால் பள்ளிச் சாப்பாட்டுப் பந்தி பசி தீர்க்கிற இடம் மட்டும் இல்லை, சேர்ந்து உண்ணப் பழகுகிற இடமும்கூட. கரண்டியைப் பிடித்து நின்ற பெண்ணும் ஒரு பெண்தான். ஊரில் பிள்ளை வளர்க்கிறவள்தான். பிள்ளைகளின் தட்டில் எது விழ வேண்டும் என்று அவளுக்கும் ஒரு கருத்து இருக்கும். அதை யாரும் கேட்கவில்லை. சாதி எதிர்ப்புக்கு முதல் நாளே இடமாற்ற உத்தரவு கிடைத்ததையும், ஒரு தாழ்ப்பாளுக்கு முத்திரையிட்ட மனு தேவைப்பட்டதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எல்லாப் பெற்றோரின் கருத்தும் அலட்சியம் செய்யப்படுவதில்லை.

மகள்களின் விஷயத்திலும் இப்படித்தான். எங்கள் ஊர்ப் பிள்ளைகள் ஒன்பதாவதிலிருந்து பக்கத்து ஊர் உயர்நிலைப் பள்ளிக்குப் பஸ்ஸில் போகிறார்கள். பத்தாவதுக்கு மாலை சிறப்பு வகுப்பு உண்டு. பஸ் ஸ்டாப்பிலிருந்து ஊருக்குள் வருகிற முக்கால் கிலோமீட்டர் வழியில் விளக்கு இல்லை. வண்டியில் வருகிற பையன்கள் கேலி செய்கிறார்கள் என்று பிள்ளைகள் சொன்னதும் தாய்மார்களிடமிருந்து இரண்டு கருத்துகள் வந்தன. பெண் பிள்ளைகளைச் சிறப்பு வகுப்பிலிருந்து முன்கூட்டியே அனுப்பிவிட வேண்டும் என்பது ஒன்று. வழியில் விளக்குப் போட வேண்டும் என்பது மற்றொன்று. இரண்டும் அக்கறையிலிருந்து பிறந்தவைதான். முதல் கருத்தை ஒருவரும் ‘சொந்தக் கருத்து’ என்று சொல்லவில்லை. பள்ளியும் ஊரும் அதே வாரத்தில் ஏற்றுக்கொண்டன. விளக்குக்கு, “நிதி வரட்டும், பாக்கலாம்” என்ற பதில்தான் கிடைத்தது. 1994-ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டப்படி பொதுச் சாலையில் விளக்குப் போடுவது ஊராட்சியின் கடமை.

ஏன் முதல் கருத்து அவ்வளவு சுலபமாக நுழைந்தது? ஊருக்கு அதில் செலவில்லை. கம்பம் நட வேண்டாம், பையன்களைக் கண்டிக்க வேண்டாம், யாருடைய வீட்டு வாசலிலும் போய் நிற்க வேண்டாம். செலவு முழுதையும் பெண் பிள்ளைகள் கட்டினார்கள், தினமும் ஒரு மணி நேரக் கணக்குப் பாடமாக. மகளைச் சுருக்குகிற கருத்தைத் தாய் சொன்னால் ஊர் உடனே கேட்கும். ஊரை மாற்றச் சொல்கிற கருத்தை அதே தாய் சொன்னால் கேட்காது. தாய்மையின் குரலுக்கு இங்கே கிடைக்கிற மரியாதையின் எல்லை இதுதான்.

அதனால் நான் எனக்கென்று ஒரு சோதனை வைத்திருக்கிறேன். என் கருத்து யாரைப் பார்த்துப் பேசுகிறது? அதிகாரத்தில் இருப்பவரைப் பதில் சொல்லச் சொல்கிறதா, என்னைவிட வலுவில்லாத ஒருவரை அந்த இடத்தைவிட்டுப் போகச் சொல்கிறதா? சமையல்காரரை மாற்று என்பதும், மகளைச் சீக்கிரம் வீட்டுக்கு அனுப்பு என்பதும் கீழே பார்த்துப் பேசுகிற கருத்துகள். தாழ்ப்பாள் போடு, விளக்குப் போடு என்பவை மேலே பார்த்துப் பேசுபவை. என் பிள்ளைக்கு நான் கேட்பது பக்கத்துத் தெருப் பிள்ளைக்கும் சேர்ந்து கிடைக்குமா என்பது அடுத்த கேள்வி. தாழ்ப்பாள் வந்தால் எல்லோருக்கும் வரும். இந்த இரண்டு கேள்விகளிலும் தேறாத கருத்தை நான் தாய் என்ற பெயரில் எடுத்துப் போவதில்லை.

விதியாகும் முன்

2012 ஜூலையில் சென்னை சேலையூரில் படித்த இரண்டாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி பள்ளிப் பேருந்தின் தளத்தில் இருந்த ஓட்டை வழியாகச் சாலையில் விழுந்து இறந்தாள். அதே ஆண்டில் பள்ளிப் பேருந்துகளுக்கென்று தனி விதிகளை அரசு கொண்டுவந்தது. அதற்கு எட்டு ஆண்டுகளுக்கு முன், 2004 ஜூலை 16 அன்று, கும்பகோணத்தில் கூரை வேய்ந்த பள்ளிக் கட்டடத்தில் தீப்பிடித்து 94 குழந்தைகள் இறந்தார்கள். பள்ளிக் கட்டடங்களின் கீற்றுக் கூரைகளை அரசு அகற்றச் சொன்னது அதற்குப் பிறகுதான்.

பேருந்தின் ஓட்டை ஒரே நாளில் விழுவதில்லை. கீற்றுக் கூரை எல்லோர் தலைக்கும் மேலேதான் இருந்தது. பிள்ளையை ஏற்றி இறக்குகிறவர்கள், வாசலில் காத்து நிற்கிறவர்கள் இவற்றைப் பார்க்கக்கூடிய இடத்தில் இருப்பவர்கள். இன்றைக்கும் பெரும்பாலும் அது பெண்கள். அவர்கள் அன்றாடம் பார்த்து, அன்றாடம் சொல்கிற நூறு சின்ன விஷயங்களில் எது நாளைக்கு விதியாகப் போகிறது என்று யாருக்கும் தெரியாது. இன்றைய ‘சொந்தக் கருத்து’ நாளைக்கு அரசாணையாக வரலாம். நடுவில் ஒரு பிள்ளை சாக வேண்டியிருக்கக் கூடாது.

இதைப் படிக்கிற மாணவிகளில் பலர் சில ஆண்டுகளில் ஏதாவதொரு குழுவில் உறுப்பினராக இருப்பீர்கள். தாயாக ஆகியிருக்க வேண்டும் என்பதுகூட இல்லை. அக்காவாக, அத்தையாக, ஊர்க்காரியாகக் கிராம சபைக்குப் போகலாம். போகும்போது எண்ணிக்கொண்டு போங்கள். தனியாகப் போகாதீர்கள். பேசியது தீர்மானப் புத்தகத்தில் உங்கள் பெயரோடு, சொன்ன சொற்களோடு ஏறியிருக்கிறதா என்று படித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். ஏறவில்லையென்றால் எழுதச் சொல்லுங்கள். “அது உங்க சொந்தக் கருத்துங்க” என்று சொன்னால், “ஆமாங்க, என் கருத்துதான். எழுதிக்குங்க” என்று சொல்லுங்கள். அந்தப் பஸ் ஸ்டாப் வழி விளக்கைப் பற்றி இதுவரை மூன்று கிராம சபைகளில் சொல்லியிருக்கிறோம். மூன்றாவது முறைதான் தீர்மானமாக எழுத வைத்தோம். விளக்கு இன்னும் வரவில்லை. அடுத்த சபையில் அந்தத் தீர்மானத்தின் எண்ணைச் சொல்லிக் கேட்பதற்கு ஏழு பேர் பேசி வைத்திருக்கிறோம்.